முதிரையில் செய்த சட்டம்

மச்சாள்,

மகளைப் பிடித்து நிறுத்துகிற புதுச் சட்டம் வந்துவிட்டது. பழையதை வெளியே போட்டுவிடலாம் என்று காலையில் ஈரத்துணியால் துடைக்கப் போனேன். மஞ்சளும் உள்ளிப்பூண்டும் சேர்ந்த உங்கள் கை வாசம் அதன் மரத்திலிருந்து எழும்பியது. துணியை எறிந்துவிட்டு அப்படியே குந்தியிருந்தேன். செத்தும் என்னை ஒரு வேலை செய்ய விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

ஊர் உலகத்தில் எவருக்கும் வராத தசை நோய் நம்முடைய பிள்ளைக்கு வந்தது. வவுனியா கிளினிக்கில் பிசியோ மிஸ் படம் கீறித் தந்தா. இடுப்பிலும் முழங்காலிலும் பட்டி போட்டுப் பிள்ளையை நிமிர்த்தி நிறுத்துகிற மரச்சட்டம். நிற்காவிட்டால் கால் மடிந்தபடியே இறுகிவிடுமாம். "பாரமில்லாத பலகையில செய்யுங்கோ. நீங்கள் குசினியில சமைச்சா குசினிக்கு, முத்தம் கூட்டினா முத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேணும். ஆனா பிள்ளை களைக்க முதல் இறக்கிப்போடுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. நீங்களும் பக்கத்தில் இருந்து தலையாட்டினீர்கள்.

ஆட்டிய தலையோடு நேரே பரந்தன் தச்சரிடம் போய், கல்லுப் போலப் பாரமான முதிரை மரத்தில் செய்யச் சொல்லிவிட்டு வந்தீர்களே! கேட்டதற்கு என்னில் பாய்ந்தீர்கள்.

"உமக்கு விசரே? என்ர தம்பியின்ர பிள்ளை உக்கல் பலகையிலயே நிக்கிறது?"

உங்களுக்கு முதிரையும் பாலையும்தான் மரம், மற்றதெல்லாம் விறகு. சட்டம் உழவு மெசினில் வந்து இறங்கியது. ஆம்பிளைகள் மூச்சு வாங்கச் சுமந்து ஹோலில் வைத்தார்கள். வைத்ததுதான், பிறகு அசையவில்லை. தனிய ஹோலில் நிற்கமாட்டேன் என்று மகள் கத்தினாள். நான் உங்களைப் பார்த்துக் கத்தினேன்.

அடுத்த நாள் சங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால், காஸ் அடுப்பு, உரல், தேங்காய்த் திருவலை எல்லாம் ஹோலில்! மகள் சட்டத்தில் நின்று உள்ளி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"சட்டம் குசினிக்கு வராட்டி, குசினி சட்டத்துக்கு வரட்டுமன்" என்றீர்கள்.

அன்றிலிருந்து வந்த சனம் குழம்புச் சட்டியைத் தாண்டித்தான் கதிரைக்குப் போனது. எனக்கு மானம் போனது. பிள்ளை மட்டும் நின்றாள், ஒவ்வொரு நாளும் நின்றாள். அதிலும் எனக்கு நிம்மதி தந்தீர்களா? அவளுக்குக் கால் நடுங்கத் தொடங்கினாலும், "பொறும், இந்தக் கத்தரிக்காயை முடிக்கட்டும்" என்பீர்கள். நான் சண்டை பிடித்துத்தான் பட்டியை அவிழ்ப்பேன்.

பிறகு ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தீர்கள். உங்களைக் கிடத்த ஹோல் வேண்டும் என்று அடுப்பும் உரலும் குசினிக்குத் திரும்பிப் போயின, சட்டத்தையும் தூக்க ஆட்கள் வந்தார்கள். மகள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க வேண்டாம். மாமியை நான் நிண்டுதான் பாப்பன்."

பெட்டியைச் சட்டத்தோடு ஒட்டித்தான் வைத்தோம். எல்லாரும் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டார்கள். அவள் நின்ற இடத்தில் நின்றே குனிந்து போட்டாள். கால் நடுங்கியது. பட்டியில் கை வைத்தேன். அவிழ்க்க மனம் வரவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றாள். பிறகு சில நாள் அவள் பாயோடு பாய். கிளினிக்கில் நல்ல ஏச்சு வாங்கினேன். அது உங்களுக்கு வரவேண்டிய ஏச்சு, மச்சாள். ஆத்திரம் ஆத்திரமாய் வருகிறது. ஏசுவதற்கு நீங்கள் இல்லாததுதான் அதைவிடப் பெரிய ஆத்திரம்.

இன்று வந்த சட்டம் பஞ்சு மாதிரி. சில்லுப் பூட்டியது, ஒரு விரலால் தள்ளலாம். மகளின் முழங்கால் இன்னும் நிமிர்கிறது, பட்டி வடிவாய்ப் பொருந்தியது. சந்தோசமாய்க் குசினிக்குத் தள்ளப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஏன்? அடுப்பை இஞ்ச கொண்டு வாங்கோ அம்மா. மாமியின்ர சட்டத்துக்குப் பக்கத்தில."

சிரியுங்கோ மச்சாள், நல்லாய்ச் சிரியுங்கோ. அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குத்தான் வருகிறேன்.