உன் தம்பிக்கு நான் கொண்டுபோகாத வார்த்தை

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். நீ இருந்தாய். நான் இருந்தேன். மேட்டு லயத்துச் செல்லம்மா இருந்தாள். கிராமத்திலிருந்து புதிதாகத் தேயிலைக் கொழுந்து பறிக்க வந்த சிங்களப் பிள்ளை குசுமா இருந்தாள். நிரை பிரித்துக் கொடுத்த கங்காணி, உன் தம்பி, இருந்தான். லொறிக்காரன் நிமல் பிறகுதான் வந்தான். அவனையும் சேர்த்து ஆறு பேர். செல்லம்மா இப்போது எட்டுப் பேர் என்கிறாள். அவளுக்கு மறதி. எனக்கு இல்லை.

நேற்று பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் ஒரு குளவிக்கூட்டை எரித்தார்கள். தென்னோலைப் பந்தமும் மண்ணெண்ணெயும் கருகிய குளவியும் சேர்ந்த அந்த வாடை லயத்து வீடுகள் முழுக்க இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு வருசம் ஆகிவிட்டது. அந்த வாடை வந்தால் உன் வீங்கின முகம்தான் முன்னால் வருகிறது. அதற்கு முந்தின முகத்தை நான் பாடுபட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

முந்தின முகம் சிரித்த முகம். தண்ணீர்ப் பீலியில் என் குடத்தை நகர்த்தி வைத்தாள் என்று என் தங்கச்சியோடு நான் நாலு வருசம் பேசாமல் இருந்தேனே, அப்போது நீதானே எங்களுக்கு நடுவில் நடந்தாய். செத்தாலும் உன் மகள் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று போய்ச் சொல் என்றேன். நீ போய், அக்காவுக்கு முட்டி வலி, முடிந்தால் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். நான் கொடுத்தனுப்பிய வசவில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உன்னைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒன் நாக்குல குளவி கூடு கட்டியிருக்கு ராக்கு. அதையெல்லாம் தூக்கிக்கிட்டுப் போக எனக்குக் கூடை பத்தாது" என்றாய்.

கலியாணத்துக்குப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் வேலை.

அந்த மலையில் பாறை ஓரத்துச் செடிக்குள் கூடு இருப்பதை முதலில் கண்டதும் நீதான். மூன்று நாளைக்கு முன்னால். உன் பழைய சிவப்புச் சீலையில் ஒரு கிழி கிழித்துத் தம்பியிடம் கொடுத்தாய், அவன் அந்தச் செடியில் கட்டினான். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் அது. சிவப்புத் துணி கட்டின செடியைச் சுற்றி யாரும் கை வைப்பதில்லை. கூட்டை எரித்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார்கள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். பாறை ஓரத்து நிரையை உன் தம்பி எனக்குத்தான் கொடுத்தான். நான் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கப் போனபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"ஒனக்கு முட்டி வலி. இந்தப் பள்ளத்துல நான் எறங்குறேன், நீ மேல நில்லு."

செடிகளை ஒரு பார்வை பார்த்தாய். "துணியக் காணோம். எரிச்சிட்டாங்க போல" என்றாய். நானும் பார்த்தேன். ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நான் இன்றைக்கும் விழுங்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தூறல் நின்று சுள்ளென்று வெயில் வந்தது. அதோடு குளவிகள் கிளம்பின. எல்லாரையும் குப்புறப் படுக்கச் சொல்லிக் கத்தினாய். செல்லம்மாவும் நானும் செடிக்கு அடியில் விழுந்தோம். குசுமாவுக்குப் பழக்கமில்லை, எழுந்து ஓடினாள். நீ "துவன்ன எபா", ஓடாதே என்று அவளுக்கு விளங்கும்படி சிங்களத்தில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாய். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளை மூடி, மேலே படுத்தாய். உனக்கு மேலே மூட ஒன்றும் இல்லை.

கொழுந்து லொறியில்தான் உன்னைப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன் தம்பி உன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அங்கேதான் எல்லாம் வெளியே வந்தது. "தோட்டத்து அய்யா மலை பாக்க வர்றாருக்கா. செடி பறிக்காம கெடந்தா ஏசுவாருன்னு துணிய அவுத்துட்டேன். மழையா இருக்கே, கெளம்பாதுன்னு நெனச்சேன்." மழையில் குளவி கிளம்பாதுதான். மழை நிற்கும் என்று ஒரு கங்காணிக்குத் தெரியாதா? தன்னிடமிருந்த துணியைப் பற்றி எங்களில் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?

இரண்டாம் நாள் மத்தியானம் நீ கண்ணைத் திறக்க முடியாமலே பேசினாய். அவன் வெளியே கேட்டடியில் உட்கார்ந்திருந்தான், உள்ளே வரப் பயந்துகொண்டு.

"தம்பிகிட்ட சொல்லு ராக்கு. எனக்கு அவன் மேல கோவம் இல்ல. மறந்துடாத."

நான் மறப்பேனா? ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. பொழுது இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். உன்னைப் புதைத்துவிட்டு வரும் வழியில் அவன் என்னிடம் வந்தான். அக்கா ஏதாச்சும் சொல்லுச்சா என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

உன்னைப் போலத்தான் நானும் ஒரு சொல்லைக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டேன். நீ விட்டுவிட்டுப் போனதெல்லாம் வசவு. நான் பிடித்து வைத்தது உன் கடைசி நல்ல வார்த்தை. அவன் கங்காணி வேலையை விட்டான். செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனான். யாரோடும் பேசுவதில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பான். அவன் இளைத்துப்போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. உனக்குப் பொய் எழுத எனக்கு வராது.

இன்றைக்குக் காலையில் அவன் பெண்சாதி வந்து வாசலில் நின்றாள். காலிரண்டும் நீர் கோத்துப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறானாம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்களாம். "ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போங்க. அவுங்க அக்கா ஏதும் சொல்லுச்சான்னு இன்னும் கேக்குறாரு" என்றாள்.

உலையை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். கேள்வி வருவதற்கு முன்னாலேயே சொன்னேன்.

"ஒம்மேல கோவம் இல்லன்னு ஒங்கக்கா சொன்னா."

"எப்ப சொல்லுச்சு?"

"அன்னைக்கே. ஆஸ்பத்திரியில."

அவன் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை, அவன் பெண்சாதி துடைத்தாள். ஏன் இத்தனை வருசம் சொல்லவில்லை என்று கேட்பான் என்று நினைத்து, அதற்கு ஒரு பதிலை வழியெல்லாம் கூர் தீட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"நீங்க, ராக்குக்கா?" என்று கேட்டான்.

எழுந்து வந்துவிட்டேன்.

நீ கொடுத்தது உன்னுடையது. பதினாறு வருசம் தாமதம்தான், ஆனாலும் சேர்த்துவிட்டேன். தாமதத்துக்கு நீ என்மேல் கோபப்படலாம், அந்தக் கோபம் நியாயம், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னுடையதை என்னிடம் கேட்காதே. நீ இருந்திருந்தால் என் பதிலையும் மாற்றி, நல்ல சொல்லாக்கி அவனிடம் சேர்த்திருப்பாய். நீ இல்லை. அதனால் அது மாறாமல் என்னிடமே கிடக்கிறது. உன்னை இழந்த பிறகு என் தங்கச்சியை மன்னித்தேன், குடித்தே செத்த என் புருசனை மன்னித்தேன், எழுந்து ஓடின குசுமாவை அன்றைக்கே மன்னித்தேன். ஒருத்தனை மட்டும் முடியவில்லை. இனியும் முடியாது.

உன் தம்பி கோவிந்தனை.