மேல்மாடிப் பின்கதவு

இன்று காலை ஏழாம் அறைக் கதவின் கீழால் கற்பூர மணம் வந்தது. தண்ணீர்ப் போத்தல்களை மேல்மாடி நடையிலேயே வைத்துவிட்டு ஓடினேன். கோயிலில் அந்த மணம் வந்தால் கை தானாகக் குவியும். விடுதிக்குள் வந்தால் கும்பிடுகிற எண்ணமே வராது. நான் கதவைத் தட்டினேன் என்று சொல்ல முடியாது, இடித்தேன்.

திறந்தவர் வவுனியாக்காரர். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கென்று மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடும் முந்தாநாளே வந்து தங்கியிருக்கிறார். உள்ளே, யன்னல் திரைக்கு ஒரு சாண் தள்ளி, எங்கள் தேநீர்க் கோப்பையின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்த அம்மன் படம்.

"அறைக்குள்ள நெருப்புக் கொளுத்தக் கூடாது, தம்பி. கெதியா நூருங்கோ" என்றேன்.

"கொஞ்சக் கற்பூரந்தானே அண்ணை. நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? கீழ நெருப்புச் சான்றிதழ் கொழுவி வச்சிருக்கிறியள். அதைப் பாத்துத்தானே பிள்ளையளோட இஞ்ச அறை எடுத்தனான்."

நானே தட்டைத் தூக்கிக் கற்பூரத்தை ஊதி நூர்த்தேன். கண்ணாடி போட்டு, வரவேற்பு மேசைக்கு மேலே நான் கொழுவியிருக்கும் அந்தத் தாளை இவர் நம்புகிறார். வருகிற எல்லாரும் நம்புகிறார்கள். நம்பாத ஒரே ஆள் நான். அதை எப்படி எடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தாளில் ஒப்பம் வைக்க மறுத்த தீயணைப்பு உத்தியோகத்தர் நீங்கள். நீங்கள் இறந்து ஐந்து மாதமாகிறது. இருந்த காலத்தில் உங்களை நேரில் 'சேர்' என்று கூப்பிட்டேன். உங்கள் மோட்டார் சைக்கிள் வாசற்படலையைத் தாண்டியதும் வேறு பெயர்களும் சொன்னேன், அவற்றை இங்கே எழுதுவது மரியாதையில்லை. வெறுமனே 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

நீங்கள் முதல்முறை வந்த நாளில் என் மனைவி காலையிலேயே வடை சுட்டுவிட்டாள். தீயணைப்புப் பிரிவிலிருந்து உத்தியோகத்தர் வருகிறார், அவர் ஒப்பம் வைத்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் விடுதியைப் பதியலாம். பதியாத விடுதியில் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சனமே தங்க யோசிக்கும். தண்ணீரூற்றுத் தாண்டி முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், நெற்காணியில் ஒரு துண்டை விற்றுக் கட்டிய விடுதி இது. கீழே ஐந்து அறை, மேலே ஏழு அறை. எங்கள் சீவியம் முழுவதும் உங்கள் பேனாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்று மேலே பார்த்தீர்கள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடங்குவம் சேர்" என்றேன்.

"வேணாங்க ஐயா. வேலைய முடிச்சிருவோம்."

வடையையும் தொடவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தேத்தண்ணீரை வேண்டாமென்று சொல்லி நான் அதுவரை கண்டதில்லை. இந்த ஆளுக்கு வடை போதாது, பெரிதாக ஏதோ எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் பேச்சு எங்கள் பேச்சில்லை. உங்கள் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பிக் கிளிநொச்சிப் பக்கம் வந்தவர்கள். நீங்கள் பிறந்தது இங்கேதான். என் தகப்பனோ யாழ்ப்பாணத்திலிருந்து, குடியேற்றத்தில் கிடைத்த குளத்துக் காணிக்கு வந்தவர். இரண்டு வீட்டாரும் எங்கிருந்தோ வந்து காடு வெட்டியவர்கள்தான். இருந்தும் நீங்கள் வாய் திறந்ததும் 'எங்கட ஆள் இல்லை' என்று என் மனம் சொன்னது. சந்தேகம் அங்கேதான் முளைத்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேல்மாடியின் கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினீர்கள். ஒரு துவாய் கேட்டு வாங்கி உங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டீர்கள். "புகைக்குள்ள கண்ணு தெரியாதுங்க. நான் எப்படி வெளிய வர்றேன்னு பாருங்க. வழி மட்டும் சொல்லாதீங்க" என்றீர்கள். பிறகு முழங்காலில் இறங்கி, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி நடையில் தவழ்ந்தீர்கள். சீருடை போட்ட மனிதர் தவழ்ந்து வருவதைப் பார்த்து என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். நான் சிரிக்கவில்லை. ஏதோ நாடகம் போடுகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்படிக்கட்டுக் கதவில் உங்கள் கை பட்டது. தள்ளினீர்கள். திறக்கவில்லை. கை மெல்ல இறங்கி ஆமைப்பூட்டைத் தொட்டது.

"இதோட தெறப்பு எங்கங்க ஐயா?"

"கீழ மேசை லாச்சியில இருக்கு சேர்."

துவாயை அவிழ்த்துவிட்டு அப்படியே தரையில் இருந்தீர்கள். முகத்தில் கோபமில்லை. "அப்ப நான் செத்துப் போயிட்டேங்க" என்றீர்கள்.

அந்தப் பூட்டுக்கு நான் நியாயம் சொன்னேன். விடுதி நடத்துகிறவனுக்கு ஊர் வாய்தான் பெரிய பயம். பின்கதவால் யார் யாரோடு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று ஒரு கதை கிளம்பினால் போதும், குடும்பமாக வருகிற சனம் வாசலை மிதிக்காது. வருகிறவர், போகிறவர் எல்லாரும் என் கண்ணுக்கு முன்னால் முன்கதவால் போக வேண்டும். நான் சொல்லாமல் விட்ட காரணமும் ஒன்று உண்டு. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் தறப்பாளைத் தொங்கவிட்டுப் படுத்தவன் நான். விடுதி கட்டியபோது யன்னலுக்கெல்லாம் இரும்புக் கிறில் வைத்துத் திறக்க முடியாதபடி ஒட்டவைத்தேன். பூட்டைக் கண்டால்தான் எனக்கு நித்திரை வரும்.

நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். "உள்ளுக்கிருந்து தெறப்பில்லாமத் தொறக்கிற மாதிரி ஒரு பூட்டு வைக்கலாங்க. வெளியால இருந்து யாரும் வர முடியாது. அறைக்கு ஒரு கிறிலாவது திறந்து மூடுற மாதிரி செஞ்சிருங்க. இது கோயிலுக்கு வர்ற சனம் தங்குற எடம். வேணாம்னாலும் கற்பூரம் கொளுத்துவாங்க" என்றீர்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ஒன்றையும் செய்யவில்லை. தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் இரண்டை மட்டும் வாங்கி முன்வாசலில் எடுப்பாக மாட்டினேன்.

இரண்டாம் முறை வந்து அதையே சொன்னீர்கள். மூன்றாம் முறையும் அதையே. ஒவ்வொரு முறையும் போகுமுன் மேசையில் குனிந்து என் பதிவேட்டையும் பார்த்தீர்கள். எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் அலைக்கிறீர்கள் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அந்த மனுசன் வாய் திறந்து ஒண்டும் கேக்கேல்லையே" என்றாள் அவள்.

"அதுதானப்பா சந்தேகம். கேட்டிருந்தால் பிரச்சினையில்லை."

மூன்றாம் முறை நாயாற்றிலிருந்து நல்ல இறாலாகப் பார்த்து எடுப்பித்து, ஒரு பையில் கட்டி உங்கள் மோட்டார் சைக்கிளில் கொழுவப் போனேன். "நான் சைவங்க ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அடுத்த கிழமை சந்தித் தேத்தண்ணிக் கடையில் நீங்கள் மீன் பணிஸ் கடித்துக்கொண்டிருந்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். பொய்யன் என்பது உறுதியாயிற்று என்று சந்தோசப்பட்டேன். என் முகம் கோணாமல் மறுக்க ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்பது விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு பெட்டிசன் எழுதினேன். எங்கள் பக்கத்தில் அது பெரிய காரியமில்லை, கோபம் வந்தால் பேப்பரை எடுப்போம். பெயர் போடவில்லை. எழுத்துப் பிடிபடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். இந்த உத்தியோகத்தர் விடுதிக்காரரை வேண்டுமென்றே அலைக்கழித்து இலஞ்சம் எதிர்பார்க்கிறார் என்றேன். வெளியிடத்து ஆள், இந்தப் பகுதிச் சனத்தின் கஷ்டம் தெரியாதவர் என்றும் ஒரு வரி சேர்த்தேன். மேல்மாடிப் பின்கதவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விசாரணை முடிவதற்குள் உங்களைத் தூர இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் தேத்தண்ணீர் குடித்தார். ஐந்து வடை தின்றார். முன்வாசல் சிலிண்டர்களைத் தட்டிப் பார்த்து "வடிவாத்தான் வச்சிருக்கிறியள்" என்று அந்த இடத்திலேயே ஒப்பம் வைத்தார். மேல்மாடிக்கு ஏறவேயில்லை. அவர் போன பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆசைப்பட்டது கிடைத்தும் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு லேசாகக் கிடைத்த ஒன்றைச் சந்தேகிக்காமல் விட என் குணம் இடங்கொடுக்கவில்லை. இருந்தும் கண்ணாடி போட்டுக் கொழுவினேன்.

புதியவரிடம் பொறுப்பைக் கொடுத்து முடித்து, இடமாற்றத்தில் போகிற நாளன்று நீங்கள் வந்தீர்கள். சீருடை இல்லை, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பயணப்பை. கண்டுபிடித்துவிட்டார், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"போற வழிதானுங்க. தேத்தண்ணி இருந்தாக் குடுங்க ஐயா" என்று கதிரையை இழுத்து இருந்தீர்கள். மனைவி குசினியிலிருந்து கொண்டுவந்ததை வாங்கி ஆறுதலாகக் குடித்தீர்கள். நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இப்பக் குடிக்கலாங்க. உங்களுக்கு நல்லதோ கெட்டதோ இனி நான் ஒண்ணும் செய்ய முடியாதில்ல."

பிறகு, "யாரோ பெட்டிசன் போட்டிருக்காங்க. காட்டினாங்க. எழுத்து ஒரே கோணலுங்க" என்றீர்கள். மேசையில் விரித்துக் கிடந்த என் பதிவேட்டில் ஒரு கணம் உங்கள் கண் நின்றது. நின்றதா, நான் அப்படி நினைத்தேனா என்று தெரியாது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பும்போது சொன்னது மட்டும் தெளிவாக இருக்கிறது: "அந்தக் கதவ மட்டும் பாருங்க ஐயா. சான்றிதழ் கெடச்சிருச்சுன்னு விட்டுறாதீங்க."

நான் விட்டுவிட்டேன். மார்கழியில் கிளிநொச்சியில் ஒரு மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. உங்கள் படம். நெஞ்சுவலியாம். உங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடந்தான், செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. உங்கள் மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவா என்று பயந்தேன்.

இன்று கற்பூரத்தை நூர்த்த பிறகு அந்த வவுனியாக்காரரின் அறையிலேயே ஒரு துவாயை எடுத்துக் கண்ணைக் கட்டினேன். முழங்காலில் இறங்கினேன். அறுபது வயதில் அது லேசான காரியமில்லை. இரண்டு முறை தவறான பக்கம் திரும்பினேன், நான் கட்டிய கட்டடத்தில். கடைசியில் கை பூட்டில் பட்டது. பின்னால் பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டு வந்தன. "மாமா, கதவைத் திறவுங்கோவன். அங்கால என்ன இருக்கு?" என்றது சின்னது. அந்தக் குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தைக் கீழறைக்கு மாற்றினேன். பூட்டைக் கழற்றி எறிந்தேன். கிறில் வெட்டுகிறவர் வர நாலு நாளாகும் என்றார், ஆகையால் பொங்கலுக்கு மேல்மாடி முழுவதும் பூட்டு என்று அறை பதிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஏச்சு நிறையக் கிடைத்தது. பிறகு சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு தீயணைப்புக் கந்தோருக்குப் போனேன்.

அங்கே இருந்த எழுதுவினைஞர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "இதைத் தாங்கோ எண்டு வாறவையைத்தான் கண்டிருக்கிறன். பிழையெண்டு திருப்பிக் கொண்டு வந்தது நீங்கள்தான். ஆரோட ஐயா உங்களுக்குக் கோவம்? ஆரை மாட்டிவிடப் பாக்கிறியள்?"

"ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை. திரும்ப வந்து மேல்மாடியைப் பாக்கச் சொல்லுங்கோ."

அவ நம்பவில்லை. அவவைக் குறை சொல்ல முடியாது, அந்த இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆகவே முழுவதையும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லி, அந்தப் பெட்டிசனை எழுதியது நான்தான் என்றேன். அவ பேனாவைக் கீழே வைத்தா.

"அது நீங்களோ?" என்றா. "விசாரணையில அவரைக் கேட்டவை, ஆரில சந்தேகம் எண்டு. அவர் சொன்ன பதிலை நான்தான் ரைப் அடிச்சனான். ஒரு வரிதான். 'எனக்கு எவர் மீதும் சந்தேகமில்லை.' இன்னார் கோவத்தில எழுதினதெண்டு பேர் ஒண்டு சொல்லியிருந்தால் மாத்தமில்லாமல் தப்பியிருப்பார். சொல்லேல்லை."

நான் சொன்னதையெல்லாம் எழுதித் தரச் சொன்னா. பெயரும் விலாசமும் போட்டு எழுதிக் கொடுத்தேன். உங்கள் பெயரிலுள்ள விசாரணைக் கோவையில் அதைச் சேர்ப்பதாகச் சொன்னா. அதனால் உங்களுக்கு இனி ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வரும் வழியெல்லாம் அந்த ஒற்றை வரிதான். பிளக்கை, வயரை, பூட்டை, திரைச்சீலையை எல்லாம் சந்தேகித்த உங்களுக்கு மனிதரில் சந்தேகமில்லையாம். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் அதை நம்பவில்லை. என் மேசையில் குனிந்து என் எழுத்தை மூன்று முறை பார்த்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் பெயரை விழுங்கியிருக்கிறீர்கள், தெரிந்துகொண்டே என் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அந்தக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி நான் பட்ட சந்தேகங்களில் ஒன்றுகூட இதுவரை சரியாக இருந்ததில்லை. நான் செய்தது தெரியாமலே நீங்கள் போயிருக்க வேண்டும், இதுவும் பிழையாகவே இருக்கட்டும் என்றுதான் அம்மனைக் கும்பிடுகிறேன்.