செத்த பாவற்கொடிகள் பன்னிரண்டு

மே 18, ஞாயிறு

விண்ணப்பம் - விண்ணிலிருந்து அப்பம் விழும் என்று நம்புகிற ஆட்கள் நிரப்புவது. இன்று நானும் நிரப்பினேன். டேஃப் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, நிலைபேறான வேளாண்மையும் உணவும் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகையாம். முதல் கேள்வி: “மண்ணுடன் உங்கள் உறவு என்ன?” உறவா? நகத்துக்குள் இருக்கிறது. கழுவினால் போய்விடும்.

கிடைத்தால் முழுநேரம், இரண்டு வருடத்தில் பட்டம். கிடைக்காவிட்டால் ஹரிஸ் பார்க் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஐந்து வருடம். அதனால் நக்கலை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதினேன். மற்றப் பக்கத்தில் அது தானாக வந்துவிட்டது.

படமும் கேட்டார்கள். மற்றவர்கள் குடைமிளகாயைக் கட்டிப்பிடித்துச் சிரித்திருப்பார்கள். நான் எங்கள் பின்வளவை அனுப்பினேன். நாலு வீட்டு விதை, பன்னிரண்டு பாவற்கொடி. பிளாக்டவுனில் மே மாதமே வந்துவிடும் குளிரில் எந்த வீட்டு விதை அதிக நாள் தாங்குகிறது என்பதுதான் சோதனை. படத்துக்குக் கீழே எழுதினேன்: “ஏழு பேர் காலமானார்கள். ஐந்து பேர் கவலைக்கிடம்.”

மே 25, ஞாயிறு

பக்கத்து வீட்டு சுதர்சன் அங்கிளின் காய்ந்த கொடியில், கடையில் வாங்கிய இரண்டு பாவற்காயை நூலால் கட்டிவிட்டேன். மனுசன் தன் மனைவி ராதா அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டி, கனடாவுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டார். பொழுதுபட முன் போய் உண்மையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார். அந்தக் கறியில் எனக்கும் பங்கு வந்தது.

என்னிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பகிடியை அன்றைக்கே, இருட்ட முன் உடைக்கவேண்டும். உடைக்காவிட்டால் அது பகிடி இல்லை, பொய்.

ஜூன் 24, செவ்வாய்

கடைசி நாலு பேரில் நானும் ஒருத்தி! ஜூலை 11 பின்னேரம் இரண்டு மணிக்கு மூன்று பேர் வீட்டுக்கு வந்து தோட்டம் பார்ப்பார்களாம்.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னது என் பிழை. அம்மாவுக்குக் கை ஓடவில்லை. “ஆக்கள் வீட்டுக்கு வரேக்க செத்த கொடியையோ காட்டுறது?” செத்ததுதான் சோதனை, எது எத்தனையாம் நாள் செத்தது என்று குறிப்புக் கொப்பியில் இருக்கிறது, கடைசிக் கொடி 19ஆம் தேதி போனது, கொடிகளில் பெயர்த்துண்டுகூட இருக்கிறது - எல்லாம் விளக்கினேன். அப்பா “ஓம் ஓம்” என்று தலையாட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு ஓம் என்றால் கேட்டது. இரண்டு ஓம் என்றால் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஐயோ.

கடையில நிண்டுபோட்டு ஒண்டே முக்காலுக்கு வீட்டை வாறன் - பின்வளவைக் காணேல்லை. பதினொரு கொடியையும் பிடுங்கிப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டாச்சு. கவுன்சில் லொறி காலமையே வந்து ஏத்திக்கொண்டு போட்டுது. மிச்சம் ஒரு கொடி. அதில நாலு பாவற்காய், பச்சை நூலில தொங்குது. நேற்று அம்மா கடைக்கு வந்து கறிக்கெண்டு வாங்கினது. என்ர கையால நிறுத்துக் குடுத்தனான். குயின்ஸ்லாந்தில இருந்து லொறியில வந்த காய், எங்கட நிலைபேறான தோட்டத்தில காய்ச்சிருக்கு.

அம்மா இதை ஆரிட்டப் படிச்சா? என்னட்டத்தான்.

அப்பா விளக்குமாறோட நிண்டார். “இப்பதான் பாக்கத் தோட்டம் மாதிரிக் கிடக்கு” எண்டு அம்மா சொல்லி முடியேல்லை, வாசலில கார்க்கதவு சாத்துற சத்தம். பத்து நிமிசம் முந்தி வந்திட்டினம்.

சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுசி, தொப்பி போட்ட ஒரு மனுசன், கமராவோடு இன்னொரு மனுசி. மூன்று பேரும் வேளாண்மை படித்தவர்கள். காய்ந்த கொடியில் பச்சைக் காய், அதுவும் ஜூலையில். ஒருத்தரும் நூலைப் பார்க்கவில்லை! கொப்பியை மூன்று தரம் நீட்டினேன். கமரா மனுசி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் காய்க்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னா. இந்தக் குளிரில் எப்படிக் காய்த்தது என்று தொப்பி கேட்டார். அம்மா பற்றிஸ் பலகாரத் தட்டை நீட்டினா. நான் வாய் திறக்கவில்லை. நான்! வாய் திறக்கவில்லை!

போகும்போது சிவப்புக் கண்ணாடி என் கையைப் பிடித்து, இந்த முறையை மற்றவர்களும் படிக்கவேண்டும் என்றா. எந்த முறையை? ஊசி நூலையா?

நாலே முக்கால். அம்மா குசினியில் நின்று மன்னாருக்குப் போன் எடுத்து, வந்தவர்கள் புகழ்ந்ததை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. அவவின் குரல் இப்படிக் கேட்டு எவ்வளவு நாள்.

ஐந்து மணிக்கு இருட்டிவிடும்.

ஈமெயில் எழுதினேன். கொடிகள் பன்னிரண்டும் செத்துவிட்டன, காய்கள் கடையில் வாங்கியவை, கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து இணைத்திருக்கிறேன் என்று. கடைசி வரி: “காய்களைக் கட்டியது நான்.”

4.56. அனுப்பியாச்சு.

ஜூலை 12, சனி

அம்மாவிடம் சொன்னேன். ஏசவில்லை. அகப்பையால் கறியைக் கிண்டிக்கொண்டே கேட்டா: “நான்தான் கட்டினதெண்டு ஏன் எழுதேல்லை?”

“எழுதினாலும் நம்பமாட்டினம் அம்மா. உங்களுக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லை.”

அகப்பை பறந்து வந்தது. குறி தப்பியது. எனக்கு நிம்மதி.

ஓகஸ்ட் 1, வெள்ளி

கிடைக்கவில்லை. என் நேர்மையை மதிக்கிறார்களாம். மதிப்பு எவ்வளவு என்று போடவில்லை. கொப்பி “ஆர்வமூட்டுவதாக” இருந்ததாம் - நீட்டியபோது ஊட்டவில்லையோ? அடுத்த வருடமும் விண்ணப்பிக்கலாமாம்.

கடையில் இனி வாரம் ஐந்து நாள். பெப்ரவரியில் பகுதிநேரப் படிப்பு. அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வெளியே போய்ப் பச்சைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். என்ன இருக்கப்போகிறது?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால், அம்மா நாலு பேருக்கு நடுவில் நின்று சொல்கிறா: “இவள் ஜெனோஜாவின்ர பகிடியாலதான் எல்லாம் போச்சு.” சிரித்துக்கொண்டு சொல்கிறா. கண் மட்டும் என் பக்கம் வரவில்லை.

ஒக்டோபர் 11, சனி

திரும்பவும் பன்னிரண்டு விதை ஊன்றினேன். சுதர்சன் அங்கிள் வீட்டு விதையும் இந்த முறை உண்டு. அதில் நூல் முளைக்கும் என்று ராதா அன்ரி சொல்லிவிட்டா.

பின்னேரம் தண்ணீர் விடப் போனேன். பாத்தி நடுவில் ஒரு தடி. அதில் ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஒன்று கட்டியிருந்தது, அதே பச்சை நூலால். அம்மாவின் எழுத்து, அப்பாவுக்கு:

“தொடாதேங்கோ. செத்தாலும் தொடாதேங்கோ.”

கீழே அப்பாவின் எழுத்து. ஒரே ஒரு ஓம்.