பக்கத்து இடத்தில் ஆர்லிஸ்

நவம்பர் 23, ஞாயிறு

என் கணவர் கோர்டிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தது. கால் வலியைவிட, மிச்சமிருக்கும் ஃபுட்பால் ஆட்டங்களுக்குப் போக முடியாதே என்பதுதான் அவருக்குப் பெரிய வலி. சீசன் முழுதுக்கும் பணம் கட்டி அவர் வாங்கிவைத்த இடத்தில் நான் போய் உட்கார வேண்டுமாம். "இடத்தைக் காலியா விடக்கூடாது, லவோன்" என்கிறார், ஏதோ கல்லறைத் தோட்டத்தில் வாங்கிய இடம் மாதிரி.

பக்கத்து இடம் ஆர்லிஸுடையது. என் உயிர்த்தோழி. கோடையிலிருந்து பேச்சு இல்லை. சர்ச்சில் திருவிருந்தின்போது திராட்சரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குவளையா — இதில்தான் சபை உடைந்தது. நான் பாத்திரக் கட்சி. கண்ணாடிக் கட்சிக்கு அவள்தான் தலைவி. அவர்கள் பள்ளிக்கூட ஜிம்மில் தனி ஆராதனை நடத்துகிறார்கள். ஜனவரி சபைக் கூட்டத்தில் முறைப்படி பிரிந்துவிடுவார்கள். தொலையட்டும் என்றுதான் இருக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

குளிர் எலும்பைத் தின்றது. எல்லாரும் தடித்த கோட்டில் வந்ததால் பெஞ்சில் இடமே போதவில்லை. ஆர்லிஸும் நானும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு திசையில் பார்த்தோம்.

பின்வரிசையில் டுவேன் என்ற டிரக் டிரைவர், பயிற்சியாளரை ஆட்டம் தொடங்கியதிலிருந்து வைதுகொண்டே இருந்தார். கூட வந்த தம்பி அதே பயிற்சியாளருக்கு வக்காலத்து. இருவருக்கும் அடிதடி ஆகாத குறை. இடைவேளையில் பொறுக்காமல் கேட்டுவிட்டேன் — இவ்வளவு வெறுப்பு இருந்தால் வேறு அணிக்குப் போய்விடலாமே என்று.

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கம்மா சமையலக்கூடத்தான் திட்டுவேன். அதுக்காக அடுத்த வீட்டுலயாம்மா போய் சாப்பிட முடியும்?"

ஆர்லிஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்!

அப்புறம் நம் ஆள் ஒருவன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். டுவேனும் தம்பியும் எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்துக் குலுக்கினார்கள். என் மூக்கு ஆர்லிஸ் கோட்டில், அந்துருண்டை வாசனையில் புதைந்தது. அவளும் விலகவில்லை.

வீட்டில் கோர்டி முடிவைக் கேட்டார். தோத்துட்டோம் என்றேன்.

"தோத்துட்டோமா? நீ எப்போ நம்ம கூட சேந்தே?"

டிசம்பர் 10

அந்த அண்ணன் தம்பி ஏன் பிரியவே இல்லை? பொது எதிரி இருப்பதாலா? சபைக்குத்தான் பிசாசு இருக்கிறானே, அவன் போதாதா?

டிசம்பர் 21, ஞாயிறு

கோர்டி நன்றாக நடக்கிறார். இந்த ஆட்டத்துக்கும் நானே போகிறேன் என்றேன். முறைத்தார். ஆனால் தன் கம்பளிச் சாக்ஸை எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

சபைக் கூட்டம். பிரிந்து போக அனுமதி கேட்டு ஆர்லிஸ் எழுந்து பேசினாள். அதை வழிமொழிவதாக நான் எங்கள் கட்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எழுந்தேன். வாயில் வந்தது வேறு.

"போகாத, ஆர்லிஸ். இங்கயே இருந்து சண்ட போடு. பாத்திரம், கண்ணாடி ரெண்டையும் மேசைல வைப்போம்."

என் ஆட்கள் பார்த்த பார்வை — இன்னும் முதுகில் குத்துகிறது. கைதூக்கச் சொன்னார்கள். மயிரிழையில் என் பேச்சு ஜெயித்தது. பாத்திரக் கட்சியில் பாதிப் பேர் என்னிடம் சொல்லாமலே காரில் ஏறிவிட்டார்கள்.

சமையலறைக்குள் போய் அழுதேன். ஏன் அழுதேன்னு தெரியல. தெரியும். அவ போயிருந்தா நான் யார்கிட்ட பேசுவேன்?

பிப்ரவரி 1, ஞாயிறு

திருவிருந்து முடிந்து பாத்திரத்தைத் துடைத்தேன். பக்கத்தில் ஆர்லிஸ் கண்ணாடிகளைக் கழுவினாள். சோப்பு சரியாகப் போகவில்லை என்றேன். நான் துடைத்த வெள்ளிப் பாத்திரத்தில் கைரேகை அப்படியே இருக்கிறதாம். அதற்கு நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொன்னாள். வெளியே கோர்டி இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டி எஞ்சினை அணைத்துவிட்டார்.