புலி கண்ணில் படாத புடவை

அம்மா,

இன்று காலை முதுமலை விடுதிக்காரர் வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தார். அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இரைச்சலில் எதுவும் கேட்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேடம், தடைக்காலம் வருதுல்லங்க? அம்மாவுக்கு இப்ப உடம்பு தேவலைங்களா? இந்த வருசம் மழை முன்னாடியே பேஞ்சிருச்சு, காடு பச்சையா இருக்குது. போன வாரம் ரோட்டோரத்துலயே புலி ஒண்ணு படுத்திருந்துச்சுங்க. அம்மாவைக் கட்டாயம் கூட்டிட்டு வந்துருங்க."

பாவம் அந்த மனுஷன், அவருக்கு நீ போனது தெரியாது. போன வருடம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் சொல்றேன்" என்றுதான் கடைசியாக அவரிடம் பேசியது. அப்புறம் சொல்லவே இல்லை. உலகத்தில் ஒரே ஒருவராவது நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. ஆபீசுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் உன் மண் நிறப் புடவை, கடை அட்டையோடு, மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உன் பொருள் எதை எடுத்தாலும் லேசாக மீன் வாசனை அடிக்கும். இது ஒன்றில்தான் இல்லை. நீ கட்டாமலே போன புடவை இது.

நான் ஐந்தாவது படிக்கும்போது என்னை வண்டலூர் ஜூவுக்கு இட்டுக்கொண்டு போனாயே, அங்கேதான் எல்லாம் ஆரம்பம். புலி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருத்தெருவாக மீன் கூவி விற்கிற அதே தொண்டையில், "யோவ், இன்னாய்யா, மூஞ்சத்தான் கொஞ்சம் காட்டேன்!" என்று கத்தினாய். காவலாளி விசிலோடு ஓடி வந்தார். புலி காதைக்கூட ஆட்டவில்லை. எனக்கு மானமே போயிற்று. திரும்பும் வழியெல்லாம் நீ உர்ரென்று உட்கார்ந்திருந்தாய். வீடு வரும் முன் சொன்னாய்:

"இத்த பாத்ததெல்லாம் கணக்குல வராதுடி. ஐஸ்ல கீற மீன பாத்துட்டு கடல பாத்தேன்னு சொல்லிக்குவியா நீ?"

அதிலிருந்து டிவியில் காடு வந்தால் போதும், அடுப்பில் என்ன இருந்தாலும் ஓடி வந்து உட்கார்ந்துவிடுவாய். மானுக்கு நீதான் காவல். "அடியே, பின்னால பாருடி! வந்துக்கினு கீறான் பாரு!" அது பாட்டுக்குப் புல் மேயும். "கொழுப்பு, கொழுப்பு, அவ்ளோவும் கொழுப்பு" என்று அதையே திட்டுவாய்.

எனக்குக் கிண்டியில் வேலை நிரந்தரமானதும், "உனக்கு என்ன வேணும், கேளு" என்றேன். வளையல் கேட்பாய் என்று நினைத்தேன். சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "புலி" என்றாய்.

எப்போது போவது என்பதிலும் உனக்குக் குழப்பமே இல்லை. சித்திரை பிறந்தால் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். உன் ஐஸ் பெட்டி பாதி காலியாகக் கிடக்கும். "கடலுக்கு லீவு வுட்டாத்தான் எனக்கும் லீவு" என்றாய். விடுதிக்காரருக்கும் அதையே சொல்லி, தடைக்காலம் என்றால் என்னவென்று அரை மணி நேரம் பாடம் எடுத்தாய். அதனால்தான் இன்றைக்கும் அவர் அந்த வார்த்தையை மறக்காமல் வைத்திருக்கிறார்.

அவர் சொன்ன நிபந்தனைகளை நான் உனக்கு ஒப்பித்தேன். சத்தமாகப் பேசக் கூடாது. பவுடர், சென்ட், மல்லிப்பூ எதுவும் கூடாது. பளீரென்று புடவை கட்டக் கூடாது, மண் நிறமோ பாசி நிறமோ கட்டி வரவேண்டும். நீ இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் நானாவே வரக் கூடாதுன்றான், அதானே?" என்றாய்.

உண்மைதான். ராணி கலர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் தவிர உன்னிடம் வேறு நிறமே கிடையாது. அப்பா ஃபைபர் படகில் வலைக்குப் போன காலத்திலிருந்து அப்படி. காலையில் படகுகள் திரும்பும்போது கரையில் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். அதில் நீ எங்கே நிற்கிறாய் என்று அலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து ஒரு சுழற்று சுழற்றுவார். மஞ்சள் காமாலையில் அவர் போனபிறகு, இனிமேல் இந்தக் கலர், பூவெல்லாம் வேண்டாமே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "ஐய, நான் எங்க குந்தினு கீறேன்னு கிராக்கிக்குத் தெரிய வேணாமா?" என்று ஒரே போடாகப் போட்டு அவர்கள் வாயை அடைத்தாய். வியாபாரத்துக்காகத்தான் கட்டுகிறாய் என்று நானும் நம்பினேன்.

தி. நகரில் அந்தப் புடவைக் கடைக்காரர் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"நைனா, மங்கலா ஒரு பொடவ காட்டு."

"மங்கலாவா? எல்லாரும் எடுப்பா கேப்பாங்களேம்மா. இன்னா விசேஷம்?"

"புலிய பாக்கப் போறோம். நான் அத்த பாக்கணும், அது என்ன பாக்கக் கூடாது."

அவ்வளவுதான், பக்கத்துக் கவுன்ட்டர் ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருவர் சாம்பல் நிறத்தை உதறினார், இன்னொருவர் பாசி நிறத்தை விரித்தார். ஒருவர் இந்த மண் நிறத்தைக் கொண்டுபோய் மர அலமாரிக்கு எதிரே பிடித்து, "பாருங்கம்மா, பொடவ எங்க கீதுன்னே தெரியல!" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. "மூட்ட மாதிரி கீதுடி" என்று என் காதில் சொன்னாய். ஆனாலும் அதைத்தான் எடுத்தாய்.

தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது மட்டும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. பில் போடக் கூப்பிட்டார்கள், நீ நகரவில்லை. "உங்கப்பா பாத்தா என்ன அடையாளம் தெரியாதுடி" என்றாய். நான் மொபைலில் எதையோ பார்த்துக்கொண்டே, "புலிக்குத் தெரியாம இருந்தா போதும், வா" என்றேன். நீ புடவையை மடித்து அட்டையோடு நீட்டினாய். "மடிப்பு கலையாம வெய்யி. புலி பாக்குற அன்னிக்குத்தான் கட்டுவேன்."

அப்புறம் ஒரே ஒத்திகை. தெருவில் கூவாமல் வாசலில் நின்று கிசுகிசுவென்று "வஞ்சிரம் கீது" என்றாயாம். உன்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் சாஸ்திரி நகர் அம்மா, தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். மல்லிப்பூவை நிறுத்தினாய், பவுடரை நிறுத்தினாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, புலி வந்தால் விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்து "உஷ்" என்பாய். ஒரு சந்தேகம் மட்டும் உன்னை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நீயே விடுதிக்காரருக்குப் போன் போட்டாய்.

"தம்பி, மத்ததெல்லாம் வுட்டுட்டேன். ஒடம்புல மீன் வாசன மட்டும் போவ மாட்டேங்குது. பஸ்ல பக்கத்து சீட்ல ஒருத்தரும் குந்த மாட்டாங்க. புலி இன்னா பண்ணும்?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க அம்மா. நீங்க தைரியமா வாங்க. உங்க பக்கத்து சீட்டுல நான் உக்காந்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "நல்ல பையன்டி" என்றாய்.

அந்த வருடம் போக முடியவில்லை. வெயிலில் காடு காய்ந்து தீப்பிடிக்கிற நிலைமை, காட்டுக்குள் சுற்றிக்காட்டும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நான்தான் புலம்பினேன். நீ, "கடலுக்குத் தடைக்காலம்னா காட்டுக்கும் ஒண்ணு இருக்கக் கூடாதா? பொழச்சிப் போவட்டும். அடுத்த வருசம் இட்டுக்கினு போ" என்றாய்.

அடுத்த வருடம் தை மாதத்தில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூடையைத் தூக்கினால் வாங்கியது, அப்புறம் படுத்தாலும் வாங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். வார்டில் டாக்டரிடம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், தடைக்காலத்துக்குள்ள எழுந்துடுவனா?" அவருக்கு அது என்ன கணக்கு என்று புரியவில்லை. "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"பாக்கலாம்னு சொல்லிட்டு போன கிராக்கி என்னிக்குடி திரும்பி வந்துகீது?"

சும்மா இரு என்று உன்னை அதட்டினேன். வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு வெளுத்த பச்சை அங்கியைப் போட்டுவிட்டார்கள். பூ இல்லை, பவுடர் இல்லை. முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்குள்ளிருந்து குரலும் வரவில்லை. காட்டுக்காக நீ பழகியதெல்லாம் இந்த இடத்துக்கா அம்மா உதவ வேண்டும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசி நாளில் என்னால் அடக்க முடியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதுவிட்டேன். நீ கண்ணைத் திறந்து, இன்னொரு கையை மெல்லத் தூக்கி, விரலை மாஸ்க்கின் மேல் வைத்தாய். டிவி முன்னால் வைப்பாயே, அதே மாதிரி. அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் கண்ணும் சிரித்தது. அன்று சாயங்காலம் போய்விட்டாய். பங்குனி இன்னும் முடியவில்லை, படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

பட்டினப்பாக்கத்திலிருந்து மாமா பிறந்த வீட்டுக் கோடி கொண்டு வந்தார். பளபளவென்று ராணி கலர். குளிப்பாட்டி முடித்து அதை உனக்குக் கட்டப் போனபோது, நான் ஓடிப்போய் மண் நிறப் புடவையை எடுத்துவந்தேன். "இதக் கட்டுங்க. அம்மா ஆசையா எடுத்தது. மடிப்புகூடக் கலைக்கல" என்று கத்தினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரியம்மாதான் பக்கத்தில் வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வேணாம்டி கண்ணு. இது யாருக்கும் தெரியாம இருக்கக் கட்டுறது. அங்க உங்கப்பன் நின்னுக்கினு இருப்பான். இவ வரும்போதே அவன் கண்ணுல பட வேணாமா?"

கடையில் கண்ணாடி முன்னால் நீ சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிராக்கிக்காக இல்லை. அத்தனை வருடமும் அவருக்காகத்தான் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். அதையும் அந்தப் புலிக்காக, என்னோடு காட்டுக்கு வருவதற்காக, ஒரு நாள் விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தாய். ராணி கலரையே கட்டச் சொன்னேன்.

அந்தக் கலரில்தான் நீ போனாய். தெரு முனை திரும்பும்வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

இப்போதும் நீ மீன் விற்ற பெசன்ட் நகர் பக்கம் போனால் என் கண் சும்மா இருப்பதில்லை. தூரத்தில் எங்காவது கிளிப்பச்சை தெரிந்தால் கால் வேகமாகிவிடுகிறது. கிட்டே போனால் யாரோ ஒருத்தி. "இன்னாம்மா வோணும்?" என்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வருகிறேன். உன் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, "அம்மா இல்லீங்க" என்றேன். "மீன் வாசனை பத்திக் கேட்ட அம்மாவுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அய்யோ" என்றார். பிறகு, "நீங்க வாங்க மேடம். அவங்க பார்க்க வேண்டியதை நீங்களாவது பாருங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சற்று முன் அந்தப் புடவையின் மடிப்பை நானே பிரித்துக் கட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரி, மூட்டை மாதிரிதான் இருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டுதான் வண்டியில் உட்காருவேன். பூ வைக்கமாட்டேன், வாயைத் திறக்கமாட்டேன். புலி வந்தால் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, உனக்கும் சேர்த்துப் பார்ப்பேன்.

ஆனால் பையில் உன் கிளிப்பச்சைப் புடவையையும் எடுத்து வைத்திருக்கிறேன். உன் வாசனை இன்னும் அதில் இருக்கிறது, நான் துவைக்கவில்லை. வண்டி காட்டை விட்டு வெளியே வந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வெட்டவெளியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்காவது தெரியட்டும்.