இருநூறு மீட்டர் மேற்கே

ஜனவரி 26, திங்கள்

காலையில் கடும் பனி. வாசலில் வைத்திருந்த லீக்ஸ் நாற்றுகளின் நுனி கருகிவிட்டது. சாக்குப் போட்டு மூட மறந்தது என் தவறு.

வரைபட மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கினேன். ரிலீஸ் கேண்டிடேட் என்பார்கள். பெரிய குறை எதுவும் அகப்படாவிட்டால் இதையே பெப்ரவரி கடைசியில் எல்லோருக்கும் வெளியிடுவார்கள். விலையில்லாத மென்பொருள்; பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. என்னைப் போல வேலையற்றவர்கள் முன்கூட்டியே தட்டிப் பார்த்துக் குறை சொல்லலாம். ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு பதிப்பையும் தட்டிப் பார்க்கிறேன். குறை சொன்னது ஒரே ஒரு முறை. அதைப் பற்றி இன்று வேண்டாம்.

காளியாயி வழக்கம்போல ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டு வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், மேல் லயம் என்ற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவருடையது; ஒரே அறை. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், புருஷன் இல்லை. என் மனைவி சீதாலெட்சுமி இருந்தபோது அவளோடு பேச வருவார். சீதா போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. நான் பிளேன்டீ ஊற்றுவேன், அவர் பேசுவார்.

"என்னங்கய்யா, இன்னைக்கும் மலைய நகத்தப் போறீங்களா?" என்றார். கணினியில் நான் படத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வது.

இன்னொரு ரொட்டி வைக்க வந்தார். வேண்டாம் என்றேன்.

"வேணாம்னு சொல்றதுக்குன்னே பொறந்தவரு."

ஜனவரி 27

அச்சு, நிறம், எழுத்து – குறையில்லை. வத்தளையிலிருந்து மகள் ஷாமிலா தொலைபேசியில் எடுத்தாள். பிள்ளை தூங்குகிறது என்று சீக்கிரம் வைத்துவிட்டாள்.

ஜனவரி 29, வியாழன்

இன்று ஒன்று கண்ணில் பட்டது. பட்டிருக்க வேண்டாம்.

கார்த்திகை மழையில் மலை சரிந்து இறங்கிய பிறகு, இந்தப் பகுதித் தோட்டங்களுக்கென்று தலவாக்கலையில் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அதன் அலுவலர் சுலக்ஷனா கேட்டதால் ஒரு படம் செய்து கொடுத்திருந்தேன். மண் சரியக்கூடிய இடங்களை ஆய்வாளர்கள் பழைய தோட்டப் படங்களின் மேல் சிவப்பாகக் குறித்திருந்தார்கள்; அதைக் கணினியில் ஏற்றியது நான். சிவப்புக்குள் வரும் லயங்களின் பட்டியலை மென்பொருளே எடுத்துத் தரும். பட்டியலில் உள்ளவர்களுக்கு வேறு இடத்தில் வீடு.

மேல் லயம் சிவப்புக்குள் இருந்தது. அதைக் காளியாயியிடம் நான் சொல்லவில்லை. பட்டியல் வரட்டும், அவர்கள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

புதிய பதிப்பில் அதே படத்தைத் திறந்தால் மேல் லயம் வெளியே நிற்கிறது. லயம் நகரவில்லை. சிவப்பு நகர்ந்திருக்கிறது – இருநூறு மீட்டருக்கு மேல், மேற்கே, ஆளில்லாத தேயிலையின் மேல் போய்ப் படுத்திருக்கிறது.

இருநூறு மீட்டர் என்றதும் விளங்கிவிட்டது. பழைய நில அளவைக்கும் இப்போதைய ஜிபிஎஸ் செய்மதி அளவைக்கும் இந்த நாட்டில் உள்ள வித்தியாசம் அது. மென்பொருள் தானாகவே அதைத் திருத்திக்கொள்ளும். பழைய அளவையில் இருந்த சிவப்பை இந்தப் பதிப்பு திருத்தாமல் விட்டிருக்கிறது.

அல்லது நான்தான் ஏதாவது செய்துவிட்டேனா?

ஜனவரி 30

எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்த்த நில அளவை அலுவலகத்தில் நாங்கள் அந்தத் திருத்தத்தைக் கையாலேயே போட்டுப் பழகியவர்கள். கணினி வந்த பிறகும் எங்களைப் போன்ற பழைய படவரைஞர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சொந்தத் திருத்தம் இருக்கும். எங்காவது செருகி வைத்திருப்போம். பிறகு மென்பொருளும் திருத்தும். ஒரே சட்டைக்கு இரண்டு தடவை அளவெடுத்த மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன் நான் சொன்ன 'குறை' அதுதான். யானிக் என்ற எழுத்தாளர் – மென்பொருள் எழுதுகிறவர் – மரியாதையாகவே பதில் போட்டிருந்தார்: பிழை பயனருடையது. எல்லோரும் பார்க்கும் பக்கம். இன்றைக்கும் அது அங்கே கிடக்கிறது, என் பெயரோடு.

இன்று முழுக்கத் தேடினேன். என் திருத்தம் எதுவும் உள்ளே இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு. பௌர்ணமி, போயா விடுமுறை

காளியாயி மெதுவாக வந்து உட்கார்ந்தார். ரொட்டித் தட்டை மூடிய துணியை எடுக்கவில்லை.

"எங்கள எங்கயோ கொண்டுபோய் விடப் போறாங்களாமே. பழனியாண்டி சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

பழனியாண்டி அவருடைய பக்கத்துக் காம்பரா. யாரும் சொல்லாததைச் சொல்வதில் கெட்டிக்காரர்.

"முடிவாகலையே," என்றேன்.

"அங்க போயி நான் யாருகிட்ட பேசுறது? கோயிலு இங்க. பீட்ரூட் பாத்தி இங்க. அவரப் பொதச்ச எடமும் இங்கதான்." பிறகு கணினியைக் கையால் காட்டினார். "உங்க பெட்டியில எங்க லயம் செவப்பா வெள்ளையா?"

அந்த நிமிடம் திரையில் அது வெள்ளைதான்.

"பார்க்கிறேன்," என்றேன்.

"பாருங்க. பாத்து வெள்ளையாவே வைங்க." சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பெப்ரவரி 3

நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன நடக்கும்? பெப்ரவரி கடைசியில் பதிப்பு வெளியாகும். எல்லா அலுவலகத்திலும் அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்களாம். பட்டியலில் மேல் லயம் இருக்காது. காளியாயி இங்கேயே இருப்பார். அவர் கேட்டதும் அதுதான். நாளைக்கும் ரொட்டி வரும்.

நான் எதையும் செய்யவில்லை. செய்யாமல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 5, வியாழன்

தலவாக்கலைக்குப் போனேன். என் கணினியில்தான் கோளாறோ என்று பார்க்க, சுலக்ஷனாவின் கணினியில் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா சேர். நீங்க பார்த்தா எனக்கும் நிம்மதி. மார்ச் முதல் வாரம் லிஸ்ட் போகணும்."

அங்கேயும் சிவப்பு மேற்கே படுத்திருந்தது. அவர் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, கோப்புகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன சேர், ஏதாவது பிரச்சினையா?"

"ஒன்றுமில்லை, பிள்ளை."

ஒன்றுமில்லை என்று சொன்னேன். பஸ்ஸில் லிந்துலை வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். படித்தவன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன்.

பெப்ரவரி 7, சனி

பருவம் தப்பிய மழை. பத்து மணி தாண்டியும் காளியாயி வரவில்லை. இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து நானே போனேன். மேல் லயத்துக்குள் நான் போனது எப்போது? சீதா இருந்தபோது ஒரு பொங்கலுக்கு.

காய்ச்சல். படுத்திருந்தார்.

"ஐயா நீங்களா? ஒக்காருங்க. கதிரை இல்ல, பெட்டி மேல ஒக்காருங்க."

அடுப்புக்குப் பின் சுவரில் முருகன் படம் போட்ட கலண்டர். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. எழுந்து கலண்டரைத் தூக்கினேன். கூரையிலிருந்து தரை வரை வெடிப்பு. என் விரல் உள்ளே போயிற்று.

"அது பழசு ஐயா. லயம்னா வெடிப்பு இல்லாம இருக்குமா?"

பழையதில்லை. பொங்கலுக்கு எல்லாக் காம்பராவுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பழைய வெடிப்பாக இருந்தால் சுண்ணாம்பு அதன் ஓரங்களில் வழிந்து உள்ளே இறங்கியிருக்கும். இது சுண்ணாம்பையே இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே பச்சை மண். பொங்கலுக்குப் பிறகு திறந்தது.

"எப்ப பாத்தீங்க இத?" என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கலண்டர மாட்டினப்ப."

அவரும் தெரிந்துகொண்டுதான் மூடியிருக்கிறார். நானும் தெரிந்துகொண்டுதான் மூடியிருக்கிறேன். அவர் கலண்டரால் மூடினார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

குறை அறிக்கை எழுதினேன், ஆங்கிலத்தில். முதல் வரைவில் பாதி மன்னிப்பாக இருந்தது. 'ஒருவேளை என் தவறாக இருக்கலாம்' என்பதை நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். மூன்றை எடுத்தேன். பழைய பதிப்பில் எப்படி, புதியதில் எப்படி என்று இரண்டு படங்களும் சேர்த்தேன். அனுப்பிவிட்டுக் கணினியை மூடி அதன் மேல் துண்டைப் போட்டேன்.

பெப்ரவரி 9

பதில் இல்லை.

பெப்ரவரி 11, புதன்

பதில் வந்தது. அதே யானிக். தம்மிடம் சரியாகவே வருகிறதாம். 'உங்கள் சொந்தத் திருத்தம் ஏதாவது உள்ளே இருக்கிறதா? முன்பு ஒருமுறை அப்படி நடந்தது.'

மறக்கவில்லை, அந்த மனிதர்.

அறிக்கையைத் திரும்பப் பெறும் பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சீதா இருந்தால் 'போதுங்க, தூங்குங்க' என்றிருப்பாள். அல்லது சொல்லியிருக்கமாட்டாள். காளியாயி அவளுக்கும் தோழிதானே.

பெப்ரவரி 12

என் பழைய கோப்புகள் எதையும் தொடாமல் வெறும் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பழைய அளவையில் ஒரே ஒரு புள்ளி. முந்தைய பதிப்பில் சேமித்து, புதியதில் திறந்தேன். புள்ளி மேற்கே போயிற்று. புதிய பதிப்பிலேயே உண்டாக்கினால் போகவில்லை. யானிக் அப்படித்தான் சோதித்திருப்பார்! பழையதில் சேமித்ததைத் திறக்கும்போது மட்டும் திருத்தத்தை விட்டுவிடுகிறது. அந்தச் சின்னக் கோப்பை அனுப்பினேன். கீழே ஒரு வரி: இந்தச் சிவப்புக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

'நீங்கள் சொன்னது சரி. நன்றி. வெளியீட்டுக்கு முன் சரிசெய்கிறோம்.' வேறு எதுவும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆளிடம்தான் இதைச் சொல்ல முடியாது.

பெப்ரவரி 14

சுலக்ஷனாவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு 'ஒன்றுமில்லை' என்றது பொய் என்பதையும். "இப்பவாவது சொன்னீங்களே சேர்," என்றார். திருத்திய பதிப்பு வரும்வரை பழையதில்தான் எடுப்பாராம்.

பிறகு காளியாயி. காய்ச்சல் விட்டு ரொட்டியோடு வந்திருந்தார். நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பெட்டியில வெள்ளையா இருந்துச்சு. அது பிழை. நான்தான் எழுதித் திருத்தச் சொன்னேன். சிவப்புதான்."

"நீங்கதானா?"

"ஆமாம்."

"சும்மா இருந்திருக்கலாம்ல ஐயா."

"சுவர்ல விரல் போகுது, காளியாயி."

"என் சுவருதானே." எழுந்தார். ஓடை வரை போய்த் திரும்பி, "தட்ட அப்புறம் வாங்கிக்கிறேன்," என்றார்.

பெப்ரவரி 17

வரவில்லை.

பெப்ரவரி 22

தட்டைக் கழுவித் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 27, வெள்ளி

பதிப்பு வெளியாயிற்று. திருத்தங்களின் நீண்ட வரிசையில் ஒன்று: பழைய கோப்புகளில் அளவைத் திருத்தம் விடுபடுவது சரிசெய்யப்பட்டது. பெயர் இல்லை. இருந்திருந்தால் கூச்சமாக இருந்திருக்கும். இல்லாததும் என்னவோ செய்கிறது.

மார்ச் 9

பட்டியல் போய்விட்டது. மேல் லயம் முழுவதும்.

ஏப்ரல் 20, திங்கள்

வருடப்பிறப்பு கழித்து இன்று போனார்கள், கொத்மலைப் பக்கம் புது வீடுகளுக்கு. இரண்டு லொறி. நான் ஓடைக்கு இப்பால் நின்றேன். பழனியாண்டி கையசைத்தார். காளியாயி லொறியின் முன்பக்கம் மடியில் கலண்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடையைக் கடந்து தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வச்சிக்கங்க," என்றார். கோபமா, இல்லையா, தெரியவில்லை.

மே 24

இரண்டு வாரமாக மழை. மேல் லயம் நின்றுகொண்டேயிருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் பார்ப்பது அதைத்தான். விழவில்லை. விழாமலே போனால் நான் செய்தது என்ன? விழ வேண்டும் என்றா நினைக்கிறேன்? சீ.

ஜூன் 3

ஷாமிலா எடுத்தாள். வத்தளைக்கே வந்துவிடச் சொல்கிறாள். பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 6, சனி

அடுத்த சோதனைப் பதிப்பு வந்திருக்கிறது. இறக்கத் தொடங்கியபோது தொலைபேசி. தெரியாத எண். எடுக்காமல் விடப் பார்த்தேன்.

"ஐயா, நான்தான். பழனியாண்டி போன்லருந்து."

"சொல்லுங்க, காளியாயி." எழுந்து நின்றுவிட்டேன்.

"இங்க ஒரு புள்ளைக்கு வலிப்பு. ஆஸ்பத்திரி வண்டி வழி தெரியாம சுத்திட்டுத் திரும்பிப் போச்சு. புள்ளைக்கு இப்ப பரவால்ல. ஆனா இந்த எடம் ஒருத்தன் படத்துலயும் இல்லியாம். உங்க பெட்டியில போட்டு விடுங்க."

திறந்து பார்த்தேன். அந்த இடம் வெறும் பச்சை. பாதைகூட இல்லை.

"இங்கிருந்து போட முடியாது. வந்து நின்றுதான் குறிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும்."

"அப்ப வாங்க. காலையில லிந்துலையில பஸ் ஏறினா பகலுக்கு வந்துடலாம். எங்க எறங்குறதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுக்கங்க. கேப்பீங்கல்ல?"

"கேட்கிறேன்."

"இங்க சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார், யாரோ கேட்டதுபோல. பிறகு, "ரொட்டி சுட்டு வைக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சரி என்றேன்.

பதிப்பை இறக்குவதைப் பாதியில் நிறுத்தினேன். கைத்தொலைபேசி சார்ஜில் கிடக்கிறது. குடை, தண்ணீர்ப் போத்தல், தட்டு – மூன்றையும் பையில் வைத்தாயிற்று.