கேப்டன் இளா இறக்கும் ஆண்டு

13-3-1995, திங்கள்

இன்று 2061-லிருந்து 2090 வரை முடித்தேன். பகலெல்லாம் ஹெப்பாளில் தொழிற்சாலை ஸ்டோரில் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் பஸ் பிடித்து விஜயநகர், பசவராஜ் சார் வீடு. அங்கே இரண்டு மணி நேரம் எதிர்காலம்.

அவர் எடுக்கும் கன்னடத் தொலைக்காட்சித் தொடர் ‘ஏழாம் நிலவு’. கதை 2188-ல் நடக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உலகத்துக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று வருடவாரியாக ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு வாரம் சொன்னதை அடுத்த வாரம் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதாம். 2074: நிலவில் முதல் பள்ளிக்கூடம். 2088: கடைசிப் பெட்ரோல் பங்க் மூடப்பட்டது.

யார் படிக்கப் போகிறார்கள் இதை?

2-4-1995, ஞாயிறு

ஒருத்தி படிக்கிறாள். தொடரில் விண்கலத் தலைவி கேப்டன் இளாவாக நடிக்கும் மாதேவி. தையல் ஃபேக்டரியில் வேலை, வயது முப்பத்தொன்று, நாடகக் குழுவிலிருந்து பசவராஜ் கண்டுபிடித்து அழைத்து வந்தார். கேமரா முன்னால் கன்னடம் கண்ணாடி மாதிரி வருகிறது. நானும் அவளைப் போலத் தமிழ் பேசும் அனூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் தமிழுக்கு வந்துவிட்டாள்.

ஷூட்டிங் நடக்கிற மூடிய ஷெட்டில், தகர விண்கலத்தின் படியில் உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டினாள்.

“இளா எங்க பொறந்தாளுங்கண்ணா?”

“செவ்வாயில். 2151.”

“அவ அம்மா?”

“அம்மா எழுதலை.”

“அம்மா இல்லாம எப்படீங்க நான் கோபப்படறது, அழுவறது? எழுதுங்கண்ணா.”

4-4-1995

இளாவுக்கு அம்மா எழுதினேன். நஞ்சம்மா என்று பெயர். மாதேவியின் சொந்த அம்மா பெயர் அதுதான்.

21-5-1995, ஞாயிறு

எட்டாவது எபிசோட் முடிந்தது. தொடர்ந்து நின்றதில் மாதேவி வெளுத்துப் போயிருந்தாள். டீ வேண்டாம் என்றுவிட்டு நோட்டைக் கேட்டாள். 2103-ல் விரலை வைத்தாள். ‘புற்றுநோய் ஒழிந்தது. கடைசி நோயாளி வீடு திரும்பினார்.’

“இதைக் கொஞ்சம் முன்னாடி போட முடியாதுங்களா?”

“எவ்வளவு முன்னாடி?”

“தொண்ணூத்தாறு.”

சிரித்துவிட்டேன். “அடுத்த வருஷமா? பொய்யின்னு உடனே தெரிஞ்சிடுமே!”

அவளும் சிரித்தாள். “சும்மா கேட்டேனுங்க.”

6-6-1995

மாதேவி ஷூட்டிங்குக்கு வரவில்லை. பசவராஜ் கத்தினார்.

11-6-1995, ஞாயிறு

மார்பில் கட்டி. நுரையீரல் வரைக்கும் போய்விட்டதாம். பிப்ரவரியிலேயே அவளுக்குத் தெரியும். பிப்ரவரி!

ஆஸ்பத்திரி வராந்தாவில் நஞ்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மருந்து ஏத்துனா முடி கொட்டிரும், வேசம் போயிரும்னு மறைச்சுட்டாளே சாமி. என்கிட்டயே மறைச்சுட்டாளே.”

அப்படியென்றால் அன்றைக்குக் கேட்டது — தெரிந்துதான் கேட்டாள். நான் என்ன செய்தேன்? சிரிச்சேன். பல்லைக் காட்டிச் சிரிச்சேன்.

13-6-1995

2103-ஐ அடித்துவிட்டு அந்த வரியை 1996-ல் எழுதினேன். பசவராஜ் சிவப்பு மையால் கோடு போட்டார். “ஜனங்க பேப்பர் படிக்கறாங்க காளிதாஸ். இது ஆகற கதையா?”

ஆகாதுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: மீதி ஐந்து எபிசோடுக்கு வேறொரு பெண்ணைப் போட்டாயிற்று. முகம் ஏன் மாறியது என்று சரித்திரத்தில் ஒரு காரணம் வேண்டும்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை எனக்கு. ‘2188: எஞ்சின் அறையில் வெடிவிபத்து. கேப்டன் இளாவின் முகம் புதிதாக அமைக்கப்பட்டது.’ இரண்டு வரி. ஒரு ஆள் போய் இன்னொரு ஆள் வர அவ்வளவு போதும்.

2-7-1995, ஞாயிறு

முதல் எபிசோட் ஒளிபரப்பு. தொழிற்சாலையில் நாளைக்கு என்ன சொல்வார்களோ. எனக்கு அதில் ஆசையே இல்லை.

27-8-1995, ஞாயிறு

மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்டகள்ளியில் ஒற்றை அறை வீடு. நான் போகாமல் இருந்திருக்கலாம் — ஒன்பதாவது எபிசோடைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள்.

புதுப் பெண் திரையில் வந்ததும் நஞ்சம்மா எழுந்து நின்றுவிட்டார். “யாரிது? என்ற புள்ள எங்க?”

“நாந்தாம்மா அது. வெடிச்சதுல மொகம் மாறிப்போச்சு. அண்ணன் எழுதியிருக்காரு பாரு.” தலையில் துண்டு கட்டியிருந்தாள். என் பக்கம் திரும்பினாள். “நல்லா எழுதியிருக்கீங்கண்ணா. நம்பற மாதிரி இருக்குது.”

குத்திக்காட்டவில்லை. மனசாரச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

21-9-1995, வியாழன்

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே தெருவில் நிற்கிறது. தொழிற்சாலையில் பாதிப் பேர் இல்லை. நஞ்சம்மாவும் டம்ளரோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாராம். அவர் முறை வந்தபோது பால் குடிக்கிற நேரம் முடிந்துவிட்டதாம்.

1-10-1995, ஞாயிறு

தொடர் போன வாரம் முடிந்துவிட்டது. மாதேவியால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. நோட்டு கொண்டு வரச் சொல்லியிருந்தாள். நானே படித்துக் காட்டினேன்.

“இளா எப்பச் சாவறா?”

எழுதவில்லை என்றேன்.

“எழுதிருங்கண்ணா. எப்பன்னு தெரியாம கெடக்கறது... கஷ்டமுங்க.”

அவள் முன்னாலேயே எழுதினேன். 2241: கேப்டன் இளா இயற்கை எய்தினார். வயது தொண்ணூறு.

“தொண்ணூறா?” கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினாள். “அத்தனை எதுக்குங்க. எழுவது போதும்.”

அடித்து 2221 என்று எழுதினேன். தெருவுக்கு வந்து, சைக்கிள் கடைச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன?

9-10-1995, திங்கள்

காலை பத்தரைக்குப் போய்விட்டாள்.

16-10-1995

பசவராஜ் கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் பாகம் கேட்கிறார்களாம், சரித்திரம் 2600 வரை வேண்டுமாம். முடியாது என்றேன். அவர் மாதேவிக்காக வருத்தப்படுகிறவர்தான். ஆனாலும் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய கதை, அவருடைய நோட்டு. வேறு யாராவது எழுதுவார்கள். நன்றாகவும் எழுதுவார்கள்.

22-10-1995, ஞாயிறு

நஞ்சம்மா வியாழக்கிழமை என் தொழிற்சாலை கேட்டுக்கு வந்து நின்றார். பதினாலாம் நாள் சாமி கும்பிடப் படம் வேண்டும். வீட்டில் மாதேவியின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ரேஷன் கார்டில் இருப்பதும் குடும்பத்தோடு நகம் அளவு. தொடருக்கு எடுத்த படங்களில் ஒன்றை பசவராஜிடம் வாங்கி, பெரிதாக்கி, சட்டம் போட்டு இன்று கொண்டு போனேன். நீலச் சீருடை, தோளில் மூன்று வெள்ளி நட்சத்திரம், நிமிர்ந்த தலை.

நஞ்சம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். சந்தனம் வைத்தார். பக்கத்து வரிசை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“உங்க மக போலீஸ்ல இருந்தாங்களா?”

“அதுக்கும் மேலங்க. கேப்டன்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.